ஜெனோவா ஜெயிலில் பாண்டிய ராஜா

மிலான் நகரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஊர் திரும்ப விமானம் மறுநாள் காலைதான். கையில் முழுசாக ஒரு பகல்! கூட வந்த நண்பர், பக்கத்தில் அழகான ஏரி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே போகலாம் என்றார். நான் ஜெனோவாவுக்கு ரயில் டிக்கெட் எடுத்தேன்.

“அங்கே என்ன இருக்கு?” என்றார் நண்பர்.

“ஒரு ஜெயில் இருக்கு.”

ஒரு விநாடி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, அவர் ஏரிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஜெனோவா என்றதும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு 1953-ல் வந்த எம்.ஜி.ஆர். படம் ஞாபகத்துக்கு வரும். அது ஒரு ராணியின் பெயர். இந்த ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! ஆனால் வேறு ஒரு வழியில் நமக்கும் இந்த ஊருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. பள்ளிக்கூடத்தில் பாண்டியர்களைப் பற்றிப் படிக்கும்போது, ‘வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தார், செல்வச் செழிப்பைப் புகழ்ந்தார்’ என்று மனப்பாடம் செய்திருப்போம். இரண்டு மார்க் கேள்வி. புகழ்ந்தார் சரி, எங்கே உட்கார்ந்து புகழ்ந்தார்? வெனிஸில் தன் வீட்டு மாடியில் இல்லை. 1298-ல், எதிரி நாடான ஜெனோவாவின் சிறையில்!

ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது ரயில் பயணம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் முதலில் வரவேற்பது கொலம்பஸ் சிலை. இந்த ஊர்ப் பிள்ளை. அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் துறைமுகம் நோக்கி இறங்கினேன். ‘இறங்கினேன்’ என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. மலை பின்னாலிருந்து பிடித்துத் தள்ள, கடல் விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிற ஊர் இது. பரவ இடமில்லாமல் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்துவிட்டன. நடுவில் சந்துகள்... இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். வெயில் உச்சியில் ஒரு பத்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். விளைநிலம் இல்லாத ஊர்க்காரன் என்ன செய்வான்? கப்பல் ஏறினான். வியாபாரம் செய்தான், கடன் கொடுத்தான், குறுக்கே வந்தவனை அடித்தான்.

குறுக்கே வந்தவர்கள் இரண்டு பேர். பக்கத்து ஊர் பைசா, இத்தாலியின் அந்தப் பக்கக் கரையில் வெனிஸ். மூன்றுமே துறைமுக நகரங்கள், மூன்றுமே தனித்தனிக் குடியரசுகள், மூன்றுக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று - கிழக்கிலிருந்து வரும் மிளகும் பட்டும்.

நான் தேடிவந்த கட்டடம் பழைய துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. பெயர் பலாஸோ சான் ஜியோர்ஜியோ. 1260-ல் கட்டியது. அந்தக் காலத்தில் கடல் அலை வாசலில் வந்து மோதியது. இப்போது கடலுக்கும் இதற்கும் நடுவில், கட்டடத்தின் நெஞ்சுக்கு நேராக ஒரு ஃப்ளைஓவர் போகிறது. அதில் லாரிகள். (சரித்திரச் சின்னத்தைப் பார்த்தால் எதிரில் பாலம் கட்டத் தோன்றுவது நம்மூர் இன்ஜினீயர்களுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை போலிருக்கிறது!)

கடல் பார்த்த பக்கம் சுவர் முழுக்க ஓவியம். அது பிற்காலத்தில் சேர்த்த பகுதி. பின்பக்கம் சுற்றிப் போனால்தான் அசல் கட்டடம் தெரிகிறது. கல்லும் செங்கல்லுமாக, கொஞ்சம் முறைப்பாக. அங்கே வாசல் பக்கம் கல்லில் செதுக்கிய சிங்க முகங்கள் இருக்கின்றன. சாதாரண சிங்கங்கள் இல்லை, கொண்டுவந்த சிங்கங்கள்.

விஷயம் இதுதான். 1204-ல் கிறிஸ்தவ சிலுவைப் படையே கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்ததே, அதன் சூத்திரதாரி வெனிஸ். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் வெனிஸ் வைத்ததுதான் சட்டம். 1261-ல் கிரேக்கச் சக்கரவர்த்தி எட்டாம் மைக்கேல் நகரத்தைத் திரும்பப் பிடித்தார். அவரோடு கை கோத்திருந்தது ஜெனோவா. பரிசாக வெனிஸ்காரர்களின் மாளிகை ஒன்று அங்கே ஜெனோவாவுக்குக் கிடைத்தது. அதில் குடியேறுவார்கள் என்றுதானே நினைப்போம்? இடித்தார்கள்! கற்களைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து இந்தக் கட்டடத்தில் பதித்தார்கள். பகை என்றால் அப்படி.

அந்த 1261-க்குக் கொஞ்சம் முன்னால் கான்ஸ்டான்டிநோபிளில் கடை வைத்திருந்த இரண்டு வெனிஸ் சகோதரர்கள், நிலைமை சரியில்லை என்று மோப்பம் பிடித்து, எல்லாவற்றையும் விற்று ரத்தினமாக்கிக்கொண்டு கிழக்கே கிளம்பிவிட்டார்கள். கிளம்பியவர்கள் சீனாவில் குப்ளாய் கானின் தர்பார் வரை போனார்கள். ஒருவர் நிக்கோலோ, இன்னொருவர் மஃபியோ. நிக்கோலோவின் மகன்தான் நம்ம மார்க்கோ. அடுத்த பயணத்தில் அப்பாவோடும் சித்தப்பாவோடும் 1271-ல் கிளம்பும்போது அவருக்கு வயது பதினேழு. திரும்பி வந்தது 1295-ல். இருபத்துநாலு வருஷம்!

ஊருக்கு வந்த மனிதர் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருக்கலாம். வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் மறுபடி யுத்தம். 1298 செப்டம்பரில் குர்ஸோலா தீவுக்குப் பக்கத்தில் வெனிஸ் கப்பற்படை சின்னாபின்னமானது. ஆயிரக்கணக்கானவர்கள் கைதி. வெனிஸ் தளபதி தாந்தோலோ, சங்கிலியோடு ஜெனோவா தெருவில் நடப்பதைவிடச் சாவதே மேல் என்று கப்பல் கட்டையில் தலையை மோதிக்கொண்டு உயிரைவிட்டார் என்கிறார்கள். மார்க்கோ இந்தச் சண்டையில்தான் பிடிபட்டார் என்பது பழைய கதை. இல்லை, அதற்கு முந்தின ஒரு சின்ன மோதலில் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும், 1298-ல் அவர் ஜெனோவாவின் கைதி. அதை அவருடைய புத்தகத்தின் முன்னுரையே சொல்கிறது.

இந்தக் கட்டடத்தில்தான் அடைத்தார்களா? பரம்பரையாக அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். எந்த அறை, எந்த மாடி என்று யாராலும் கைகாட்ட முடியாது. சிங்கங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இங்கேதான் அடைத்தார்கள் என்றால், வெனிஸிடமிருந்து பறித்த சிங்கங்களைத் தாண்டித்தான் வெனிஸ்காரர் உள்ளே போயிருக்க வேண்டும்.

உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மார்க்கோவுக்கு முன்னாலேயே, பல வருஷங்களாக! பெயர் ருஸ்திகெல்லோ. ஊர் பைசா. தொழில், கதை எழுதுவது.

அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதற்கு, பசியோடு எதிர்ப்பக்கம் போனேன். கல் வளைவுகளுக்குக் கீழே வரிசையாகக் கடைகள். சொத்தோரிப்பா என்று பெயர். எண்ணெய் காயும் வாசனை, மீன் பொரியும் சத்தம்... ஒரு கடையில் விறகு அடுப்பிலிருந்து வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு செம்புத் தட்டை இழுத்து வெளியே எடுத்தார்கள். பொன் நிறத்தில் மெல்லிசாக அடை மாதிரி ஏதோ. ஃபரினாத்தா என்றார் கடைக்காரர். கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். மேலே மிளகுத் தூள் தூவி, துண்டு போட்டுக் காகிதத்தில் தருகிறார்கள். ஒரு தேங்காய்ச் சட்னி மட்டும் இருந்திருந்தால்!

இந்தக் கடலைமாவு அடைக்கு ஊர்க்காரர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். 1284 ஆகஸ்ட் 6-ம் தேதி, மெலோரியா என்கிற பாறைத் தீவுக்குப் பக்கத்தில் பைசாவும் ஜெனோவாவும் மோதின. அது பைசாவின் திருவிழா நாள். அந்தத் தேதியில் ஜெயித்துப் பழக்கப்பட்டவர்கள். கப்பல்களைப் பேராயர் ஆசீர்வதிக்கும்போது சிலுவையின் ஒரு பகுதி கழன்று ஆற்றில் விழுந்ததாம். ‘காற்று நம்ம பக்கம் இருக்கு, சாமி வேற எதுக்கு?’ என்று சிரித்தார்களாம். ஜெனோவா தளபதி ஒபெர்த்தோ தோரியா தன் கப்பல்களை இரண்டாகப் பிரித்தார். பின்வரிசை, பாய்மரங்களை இறக்கிக்கொண்டு தூரத்தில் நின்றது. பைசாக்காரர்கள் அதை வேடிக்கை பார்க்க வந்த சில்லறைப் படகுகள் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையோடு மும்முரமாக மோதிக்கொண்டிருந்தபோது, பெனெதெத்தோ ஸக்காரியா என்ற கில்லாடியின் தலைமையில் அந்தச் ‘சில்லறை’ பக்கவாட்டில் வந்து இறங்கியது. அவ்வளவுதான், பைசா கதை முடிந்தது. ஜெயித்துத் திரும்பும்போது புயலில் கடலைமாவு மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும் உருண்டு கடல் தண்ணீரோடு கலந்து கூழாக, அது வெயிலில் காய்ந்து, பசியில் தின்று பார்த்தால் பிரமாதமாக இருந்ததாம்! கிண்டலாக ‘பைசாவின் தங்கம்’ என்று பெயர் வைத்தார்கள். கதை உண்மையோ பொய்யோ... தோற்றவனின் பெயரைச் சொல்லி எழுநூறு வருஷமாகப் பலகாரம் தின்கிறார்கள்.

கைதிகள் எண்ணிக்கை ஒன்பதாயிரத்துக்கும் மேல். ஒரு நடுத்தர நகரத்தில் ஒன்பதாயிரம் ஆண்கள் ஒரே நாளில் காணாமல் போனால் என்ன ஆகும்? ‘பைசாவைப் பார்க்கணுமா, ஜெனோவாவுக்குப் போ’ என்று அப்போது பழமொழியே உண்டானது. உலகப் புகழ்பெற்ற அந்தச் சாய்ந்த கோபுரம் இருக்கிறதே, அதன் வேலைகூட அந்த வருஷம் அப்படியே நின்றுபோனது. முழுசாகக் கட்டி முடிக்க மேலும் எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

பொதுவாக அந்தக் காலத்தில் கைதிகளைப் பணம் வாங்கிக்கொண்டு விடுவது வழக்கம். ஜெனோவா விடவில்லை. பழைய சரித்திரக்காரர்கள் இதற்குச் சொல்லும் காரணம் வயிற்றைக் கலக்கும். கைதிகளைக் கொன்றால் மனைவிகள் மறுமணம் செய்துகொள்வார்கள், பிள்ளைகள் பிறக்கும், பத்து இருபது வருஷத்தில் பைசாவுக்குப் புதிய படை தயார். கொல்லாமல் உள்ளே வைத்திருந்தால் அந்தப் பெண்கள் சுமங்கலிகள். மறுமணம் கிடையாது, பிள்ளையும் கிடையாது! ஒரு ஊரை எரிக்காமலேயே அழிக்க ரூம் போட்டு யோசித்திருக்கிறார்கள்.

பைசா பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? தோல்விக்குப் பிறகு அங்கே அதிகாரத்தைப் பிடித்தவர் உகோலினோ பிரபு. கைதிகள் திரும்பி வந்தால் தன் நாற்காலி ஆடும் என்று சமாதானத்தை அவரே இழுத்தடித்தார் என்பது குற்றச்சாட்டு. கடைசியில் அவரையே பிள்ளைகளோடும் பேரன்களோடும் ஒரு கோபுரத்தில் பூட்டிப் பட்டினி போட்டுச் சாகடித்தார்கள். தாந்தே அவரை நரகத்தில் வைத்துப் பாடினார்.

வெளியே இப்படி. சிறைக்குள்ளே அந்தக் கைதிகள் செய்த காரியம்தான் எனக்கு ஆச்சரியம். ‘ஜெனோவாவில் அடைபட்டிருக்கும் பைசாக் கைதிகள் சங்கம்’ என்று சொல்லும்படி ஒரு அமைப்பே வைத்துக்கொண்டார்கள். அதற்குத் தனி முத்திரை! ஜெயிலுக்குள் இருந்துகொண்டு அதிகாரபூர்வமாகக் கடிதம் போட்டார்கள். படித்தவர்கள் புத்தகங்களைப் பிரதி எடுத்தார்கள். பிரெஞ்சு மொழி வீரக் கதைகள், சாமி கதைகள் என்று அவர்கள் எழுதியதாக ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் காட்டும் கையெழுத்துப் பிரதிகள் ஐரோப்பிய நூலகங்களில் இன்றும் இருக்கின்றன. ருஸ்திகெல்லோ மெலோரியாவில் பிடிபட்டிருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலானவர்களின் முடிவு. அப்படியானால் மார்க்கோ வந்தபோது அவருக்கு உள்ளே பதினாலாவது வருஷம். ஆர்தர் ராஜா கதைகளைப் பிரெஞ்சில் தொகுத்து ஏற்கெனவே பேர் வாங்கியவர். எழுதத் தெரியும், எழுத விஷயம் தீர்ந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் இருபத்துநாலு வருஷ விஷயத்தோடு ஒரு ஆசாமி உள்ளே வந்தால்..?

மார்க்கோ சொல்லச் சொல்ல ருஸ்திகெல்லோ எழுதினார், பிரெஞ்சில், நடுநடுவே இத்தாலிய வாடையோடு. வெனிஸிலிருந்து தன் குறிப்புகளை மார்க்கோ வரவழைத்துக்கொண்டார் என்று பதினாறாம் நூற்றாண்டில் ரமுஸியோ எழுதினார். அந்தப் புத்தகத்தில்தான் நம்ம பாண்டிய நாடு வருகிறது. சீனாவிலிருந்து திரும்பும் வழியில், இலங்கையைத் தாண்டி, 1293 வாக்கில். அவர் அதற்குச் சொல்லும் பெயர் மாபார்.

இந்த நாட்டில் தையல்காரனே இல்லை என்கிறார் மார்க்கோ. யாரும் சட்டை போடுவதில்லை, அப்புறம் தையல்காரனுக்கு என்ன வேலை? ராஜாவுக்கும் அரையில் ஒரு துணிதான். ஆனால் உடம்பு முழுக்க நகை. கழுத்தில் நூற்றுநான்கு முத்தும் மாணிக்கமும் கோத்த மாலை, தினமும் அத்தனை முறை ஜபம் சொல்ல. ஜனங்கள் தினம் இரண்டு வேளை குளிக்கிறார்கள், வலது கையால் மட்டும் சாப்பிடுகிறார்கள், தண்ணீரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறார்கள், வெற்றிலை போடுகிறார்கள்... நம்ம பாட்டி வீட்டைத்தான் பார்த்து எழுதியிருக்கிறார்! முத்துக்குளிக்கும் கடலில் சுறாக்களை மந்திரம் போட்டுக் கட்ட ஆள் இருப்பதையும், அவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்பதையும் சொல்கிறார். தென்கடற்கரையில் பிற்காலம் வரை ‘கடல்கட்டி’ என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்களேதான்.

அப்புறம் குதிரை. ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் அரேபியக் குதிரை வாங்குகிறார், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். வைத்தியம் பார்க்கத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை. குதிரை வியாபாரிகளும் வைத்தியரைக் கூட்டிவருவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வியாபாரம்! சோற்றையும் கறியையும் வேகவைத்துக் குதிரைக்குப் போட்டால் வேறென்ன ஆகும்? மாணிக்கவாசகர் காலத்துக் கதையிலேயே பாண்டிய கஜானா குதிரை வாங்கத்தானே கரைந்தது? பாரசீகத்து வஸ்ஸாஃப், வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை மாபாருக்கு இறங்கியதாக எழுதினார். ஆக, மார்க்கோ அடக்கித்தான் வாசித்திருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடன்காரன் கதை. கொடுத்த கடனைத் திருப்பித் தராமல் ஒருவன் இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் சமயம் பார்த்து அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் போதும். பணத்தைக் கொடுக்கும் வரை அவன் வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. இதை நான் கண்ணாலேயே பார்த்தேன் என்கிறார் மார்க்கோ. வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது யார்? ராஜா! ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் பாக்கி. ‘நாளைக்கு’, ‘நாளைக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருநாள் குதிரையில் வரும்போது, வியாபாரி குதிரையைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டார். ராஜா அங்கேயே நின்றார். பணம் வந்து சேர்ந்த பிறகுதான் நகர்ந்தார்.

ஜெனோவா ஜெயிலில் இதைக் கேட்டு எழுதிய ருஸ்திகெல்லோவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. பதினாலு வருஷம்.

இதிலெல்லாம் எது மார்க்கோ பார்த்தது, எது கேட்டது, எது ருஸ்திகெல்லோ சேர்த்த மசாலா? ஆர்தர் கதைக்கு எழுதிய பாணியிலேயே இந்தப் புத்தகத்துக்கும் முன்னுரை எழுதிய மனிதர் அவர். மார்க்கோ சீனாவுக்கே போகவில்லை என்று 1995-ல் ஒரு ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் தனிப் புத்தகம் போட்டார். அதைப் பலர் மறுத்தும்விட்டார்கள். பாண்டிய நாட்டு விஷயத்திலும் குழப்பம் உண்டு. ஐந்து சகோதர ராஜாக்கள், அவர்களில் ஒருவர் சுந்தர பாண்டியர் என்கிறார். கல்வெட்டுகளின்படி அப்போது மூத்த அரசர் மாறவர்மன் குலசேகரன். ஒரே நேரத்தில் பல பாண்டியர்கள் முடிசூடி ஆண்ட காலம் என்பதால் வெளியூர்க்காரருக்குத் தலைசுற்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் சொன்ன காயல் துறைமுகத்தைத் தாமிரபரணி முகத்துவாரத்துப் பழைய காயலில் கால்டுவெல் தேடிப்போய் அடையாளம் கண்டார். பாண்டியர் வரலாற்றை எழுதிய நீலகண்ட சாஸ்திரி மார்க்கோவைத் தள்ளவில்லை, சரிபார்த்துப் பயன்படுத்தினார். நம்ம கல்வெட்டுகள் தானத்தையும் நிலத்தின் எல்லையையும் துல்லியமாகச் சொல்லும். ராஜா தெருவில் கடனுக்காக நின்றதைச் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு வெளியாள் வேண்டியிருந்தது. அந்த ஆளும் ஊரில் சும்மா இருந்திருந்தால் எழுதியிருப்பாரா என்பது சந்தேகம். வந்த பிறகு மூன்று வருஷம் வெனிஸில் எழுதியதாகத் தெரியவில்லையே!

மணி மூன்றாகிவிட்டது. மேட்டில் ஏறி போர்த்தா சொப்ரானா என்ற கோட்டை வாசலுக்கு வந்தேன். 1290-ல் ஜெனோவா பைசாவின் துறைமுகத்தையே அடித்து நொறுக்கி, அதன் வாயில் குறுக்கே கட்டியிருந்த இரும்புச் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து, துண்டு துண்டாக ஊர் வாசல்களில் தொங்கவிட்டது. இந்த வாசலிலும் தொங்கியது. 1860-ல், இத்தாலி ஒன்றுபடும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்நூற்று எழுபது வருஷம் தலைக்கு மேல் தொங்கியிருக்கிறது!

பக்கத்திலேயே கொலம்பஸ் வீடு. ஒரே கூட்டம். அது 1684-ல் பிரெஞ்சுக் கப்பல்கள் குண்டு போட்டதில் அழிந்து, பிறகு திரும்பக் கட்டியது. மார்க்கோ போலோ புத்தகத்தில் ஓரமெல்லாம் கொலம்பஸ் தன் கையால் குறிப்பெழுதிய பிரதி செவில்லாவில் இருக்கிறது. ஜெனோவா ஜெயிலில் பிறந்த புத்தகம், ஜெனோவா பையனைக் கெடுத்த கதை அது. தனியாகச் சொல்ல வேண்டும், இன்னொரு வாரம்.

நான் போக வேண்டிய இடம் இன்னும் ஐந்து நிமிஷம் தள்ளி. வழி கேட்டால் உள்ளூர்க்காரர்களே கொஞ்சம் யோசிக்கிறார்கள். காம்போ பிசானோ. ‘பைசாக்காரர்களின் களம்’ என்று சொல்லலாம். ஒரு சரிவில் இறங்கினால் திடீரென்று சந்து விரிந்து ஒரு சின்ன முற்றம். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கற்களைப் பதித்துக் கோலம் மாதிரி செய்திருக்கிறார்கள். சுற்றிலும் மஞ்சளும் ரோஸுமாக உயரமான வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் கொடியில் துணி. அன்று இது மதிலுக்கு வெளியே கிடந்த வெற்று நிலம். சிறையில் செத்த பைசாக் கைதிகளை இங்கேதான் கொண்டுவந்து புதைத்தார்கள். ஆயிரக்கணக்கில். பசி, குளிர், காய்ச்சல்.

1299-ல் ஜெனோவாவுக்கும் வெனிஸுக்கும் சமாதானம். மார்க்கோ ஊர் போய்ச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொண்டார், மூன்று பெண்கள், 1324-ல் இறந்தார், உயில்கூட இன்றும் பத்திரமாக இருக்கிறது. பைசாவோடும் அதே 1299-ல் ஒப்பந்தமானது. திரும்பிப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். ருஸ்திகெல்லோ அவர்களில் ஒருவரா, இந்தக் கூழாங்கற்களுக்குக் கீழே இருக்கிறாரா... ஒரு வரி தகவல் கிடையாது. பாண்டிய ராஜாவின் ஜபமாலையில் எத்தனை மணி என்று எண்ணி எழுதியவரின் சாவுக்குத் தேதி இல்லை.

மேல் மாடியில் ஒரு அம்மாள் துணி எடுக்க வந்து, கீழே தனியாக நின்றுகொண்டு தரையையே பார்க்கும் என்னைப் பார்த்தார். எதையாவது தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

ரயிலைப் பிடித்து மிலான் வந்து சேர இரவாகிவிட்டது. நண்பர் ஏரிப் படங்களைக் காட்டினார், நிஜமாகவே அழகாக இருந்தது. பதிலுக்கு நான் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். ஃபரினாத்தா ஆறி விறைத்துப்போயிருந்தது.

ஒரு வாய் கடித்துப் பார்த்தார்.

“கடலைமாவுதானே?”

“பைசாவின் தங்கம்” என்றேன்.

“இது ஜெனோவா பலகாரம்னு சொன்னே?” என்றபடி அடுத்த துண்டை எடுத்துக்கொண்டார்.